மேற்கு வரிசையில் மிச்சமிருக்கும் நூல்

மகனே,

விசா வந்துவிட்டது என்று நேற்று நீ உன் அம்மாவிடம் பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம், வியாழக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எங்கள் காலில் விழுந்துவிட்டு, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவையும் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறேன் என்றாய். மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். கால் காயம் ஆறிக்கொண்டு வருகிறது என்று சொன்னாள். ஒனக்காகத்தானேடா போனான் என்று குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சேர்த்தாள். அதற்கு நீ, "நானாம்மா அவரப் போகச் சொன்னேன்?" என்றாய். பிறகு பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைப் பற்றிப் பேசினீர்கள். என்னிடம் போனைக் கொடுக்க அவள் கையை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

உன் அம்மா சொன்னது உண்மையில்லை. காயம் ஆறவில்லை. ஆறுவதற்கு அங்கே கால் இல்லை. உன் மாமனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே போன வாரம் எடுத்துவிட்டார்கள். முதலில் இரண்டு விரல், அதற்குப் பிறகு பாதம், அதற்குப் பிறகு இது. பிரயாணம் போகிற பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மாவும் அத்தையும் பேசி வைத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சில் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். தாலுகா நிருபராக இருந்த காலத்தில் இறந்தவர் வீட்டில் ஒரு மாதிரியும் பத்திரிகையில் ஒரு மாதிரியும் எழுதியதில்லை. என் வீட்டு விஷயத்தில் மட்டும் அதை மாற்றிக்கொள்ள முடியாது. இந்தக் கடிதத்தை உன் அம்மா படித்தாள். ஒரு வாக்கியத்தை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை. எது என்று உனக்கே தெரியும்.

நீ வியாழக்கிழமை இங்கே வர வேண்டாம். அன்று அமாவாசை. காலையில் கழிமுகத்தில் நீர் வற்றும். உன் சிப்பித் திட்டின் மேற்கு வரிசையில் பாதிக்கு மேல் இன்னும் நூல் வெட்டாமல் கிடக்கிறது. இந்த அமாவாசைக்குள் நூலை எடுக்காவிட்டால் மறுநாள் கடப்பாறை போட்டுப் பெயர்த்துவிடுவோம் என்று அங்கே நண்டு பிடிக்கும் அந்தோணியம்மாவும் அவளுடைய ஆட்களும் சொல்லிவிட்டார்கள். உனக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீ பதில் சொல்லவில்லை. அதனால் எனக்குப் போன் செய்தாள். இந்தக் கடிதத்தின் விஷயம் அவ்வளவுதான். அது எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்க முடியாது. ஆனால் உன் விதத்தில் ஞாபகம் வைத்திருப்பாய். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே அந்தக் கழிமுகத்தில் ஒரு காலத்தில் சிப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து நீளமாகப் பாறைபோல் கிடந்தன என்றும், சுண்ணாம்புக்காக அதை வெட்டி வெட்டி எடுத்ததில் வெறும் சேறு மிஞ்சியது என்றும், அதைத் திரும்ப உண்டாக்கப் போகிறேன் என்றும் நீ முதலில் சொன்னது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். எஞ்சினியரிங் படித்தவன் சேற்றில் சிப்பி நடப்போகிறான் என்று உன் பெரியப்பா வத்திராயிருப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். உன் மாமன் சிரிக்கவில்லை. என்ன வேணும் மாப்ள என்று கேட்டான். காய்ந்த பழைய சிப்பி ஓடு நிறைய வேண்டும், அதைக் கட்டிப்போட வலைபோன்ற துணிப் பை வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, பருத்தியாக இருக்க வேண்டும் என்றாய். தறி வைத்திருக்கும் ஒருவனிடம் இதைவிடச் சுலபமான ஒன்றைக் கேட்க முடியாது என்று அவன் நினைத்தான். ராஜபாளையத்தில் அவன் தறியில் ஓடுவதெல்லாம் பேண்டேஜ் துணி. அதுவும் பருத்தி, அதுவும் இடைவெளி விட்டு நெய்வது.

ஓடுகளைக் காய வைக்கும் இடத்தையும் அவன்தான் கொடுத்தான். கடற்கரையில் போட்டால் கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று நீ புலம்பினாய். பேண்டேஜ் பேல்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் லாரி காலியாகத்தான் திரும்புகிறது, அதில் ஏற்றி அனுப்பு என்றான். தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் சிப்பி ஓடு மலையாகக் குவிந்தது. பழைய சதையும் நோயும் போகும் மட்டும் மாதக்கணக்கில் வெயில் பட வேண்டும் என்பது உன் கணக்கு. அந்த நாற்றத்தில் தறிக்காரப் பெண்கள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏமய்யா, தறிய நிறுத்திட்டு மீன் மார்க்கெட் போட்டுட்டியா? எனக்கு அரைக்கிலோ நெத்திலி எடுத்து வையி" என்பார். உன் மாமன், மாப்ள படிச்ச படிப்புக்கு இதுதான் லாபரட்டரி என்று பதில் சொல்வான். அவனுக்கு அதில் பெருமை இருந்தது. உனக்கு அவனைப் பற்றி என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முதல் தடவை அவன் கொடுத்த பைகள் நிற்கவில்லை. சிப்பிக் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து வந்து ஓட்டில் ஒட்டி, ஓட்டோடு ஓடு பிணைந்து இறுகுகிறவரை பை நிற்க வேண்டும். அதன் பிறகு அது மக்கிக் கரைந்துவிட வேண்டும். அவன் பேண்டேஜ் நூலையே கொஞ்சம் முறுக்கி நெய்து அனுப்பினான். கடல் தண்ணீரில் சீக்கிரமே அது கூழாகிவிட்டது. ஓடுகள் சரிந்து சேற்றில் புதைந்தன. கரையில் நின்று பார்த்தவர்கள், கடலுக்கு அடிபட்டுச்சாம், ராஜபாளையத்துக்காரன் பேண்டேஜ் போட்டுப் பாத்தானாம் என்று கேலி பேசியிருக்கிறார்கள். உன்னை வைத்துப் பேசிய கேலி அது. நீ அதைச் சுமந்துகொண்டு வந்து வத்திராயிருப்பில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னாய். எதிர் வரிசையில் உன் மாமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மாமா, ஒங்க துணி ஒரு பௌர்ணமிகூடத் தாங்கல. இதத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதீங்களா?" என்று கேட்டாய். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவனிடம் பேல் வாங்குகிற ஒரு வியாபாரியும் அங்கே இருந்தார். அவரும் சிரித்தார்.

நம் ஊரில் தறிக்காரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். உன் துணி கிழிகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது. அது உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. உன் மாமன் இலையை மூடாமலே எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்று, "அடுத்த தடவ பாரு மாப்ள, நீ கத்திய வச்சு அறுத்தாலும் அறுபடாது" என்றான். மக்க வேண்டும் மாமா, ஆனால் மெதுவாக மக்க வேண்டும் என்று நீ சொன்னதாக இப்போது சொல்கிறாய். சொன்னாய். நானும் கேட்டேன். சிரிப்புக்கு நடுவில், பாயசத்தை ஊற்றுகிறவரிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே, ஒரு தடவை சொன்னாய். அவன் காதில் விழுந்ததா என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நெய்வதிலேயே பிறந்து வளர்ந்த ஒருவனிடம், தானாக அழிந்துபோகிற துணியைச் செய்து கொடு என்று கேட்கிறோம். அதை அவனுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரமாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ உட்காரவில்லை.

அடுத்த பைகளுக்கு அவன் பாவில், நீளவாக்கு நூலில், நாலு இழைக்கு ஓர் இழை பாலியஸ்டர் கோத்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று அதைச் செய்யவில்லை. பருத்தியை மட்டும் நம்பினால் மறுபடி பந்தியில் சிரிப்பார்கள் என்று செய்தான். பை நின்றது. நீ சந்தோஷப்பட்டாய். மாமா இப்பத்தான் நெசவு பழகியிருக்கார் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாய். அதற்கு அவன் ஒரு கும்பிடு போட்டான்.

திட்டு வளர்ந்ததை நானும் வந்து பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன், அது பார்க்க வேண்டிய காட்சிதான். கிழக்கில் ஒரு வரிசை, மேற்கில் ஒரு வரிசை. நீர் வற்றும்போது சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக மேலே வந்தது. கிட்டே போனால் டிக் டிக் என்று ஓடுகள் வாயை மூடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நண்டு. தேங்கிய குட்டைகளில் களவா மீன் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் நிழலுக்கு நிழல் ஓடின. உள்ளான் பறவைகள் கூட்டமாக இறங்கி ஓடுகளுக்கு நடுவே கொத்திக்கொண்டு திரிந்தன. கலங்கிக் கிடந்த தண்ணீர் திட்டைச் சுற்றி மட்டும் அடி தெரிகிற மாதிரி தெளிந்திருந்தது. நீ முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டினாய். நான் கரையில் நின்று குறிப்பு எடுத்தேன். ஊருக்கு வந்து என் பழைய பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டு அரைப் பக்கத்துக்கு எழுதினேன். தண்ணீரில் கால் வைக்காமல் எழுதினேன். வேறு ஒருவனுடைய மகன் செய்த காரியமாக இருந்திருந்தால் இறங்கித் தொட்டுப் பார்த்திருப்பேன். சந்தேகப்படுவதுதான் என் தொழில். உன் விஷயத்தில் அதைச் செய்யவில்லை. அந்த அரைப் பக்கத்தைத்தான் நீ வெளிநாட்டில் படிக்க அனுப்பிய விண்ணப்பத்தோடு இணைத்தாய்.

பருத்தி மக்கியது. மக்க வேண்டிய நேரத்தில் மக்கியது. பாலியஸ்டர் மட்டும் நின்றது. சிப்பிகள் அதன் மேலேயே வளர்ந்து அதைத் தங்களுக்குள் இறுக்கிக்கொண்டன. மேலே தெரிந்த பகுதிகள் சுருக்குச் சுருக்காகத் தளர்ந்து தண்ணீரில் அலைந்தன. இழுத்தால் வராது. சிப்பியை உடைத்தால்தான் வரும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ஒவ்வொன்றாகக் கத்தரிக்கலாம். பருத்தி மேலும் மக்க மக்கப் புதிதாகச் சுருக்குகள் வரும். அவற்றையும் கத்தரிக்க வேண்டும். நண்டுகள் அதில் மாட்டின. கால் மாட்டிய நண்டு காலை விட்டுவிட்டு ஓடிவிடும். இரண்டு கொடுக்கும் மாட்டியது அங்கேயே தொங்கிச் செத்தது. குஞ்சு மீன்கள் செவுளில் நூலோடு கிடந்தன. வளர்வதற்காக வந்த இடம் என்று நீ மேடைகளில் பேசுவாயே, அந்த இடம்தான்.

அந்தோணியம்மா அந்தக் கழிமுகத்தில் கையால் நண்டு பிடித்து விற்பவள். உன் திட்டு வந்த பிறகு அவளுக்கு வரும்படி கூடியது என்று நானே எழுதினேன். அவள்தான் முதலில் பார்த்தாள். உன்னிடம் சொன்னாள். நீ பார்க்கிறேன் அக்கா என்றாய். அவள் மறுபடி சொன்னபோது, வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறார்கள், அவர்கள் போகட்டும் என்றாய். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஓர் உள்ளான் மாட்டியிருந்தது. விரல்களில் நூல் சுற்றி, பறக்கப் பார்த்துப் பார்த்து ஒரு கால் முறிந்திருந்தது. நீர் ஏறியபோது அதால் எழும்ப முடியவில்லை. உயிரோடு முங்கிச் செத்திருக்கிறது. நீ அதை எடுத்து மணலைத் தோண்டிப் புதைத்தாய். அந்தோணியம்மா கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. சிரித்தாள். "பறவைக்குக் குழி வெட்டுன கையோட போயி வெள்ளக்காரங்களுக்கு இளநி வெட்டிக் குடுத்தாரு ஒங்க மவன். கைய கழுவுனாரான்னு கேளுங்க அண்ணாச்சி." பிறகு என்னையும் விடவில்லை. "நீங்களும் பேப்பர்ல எழுதுனீயளே, ஒரு தடவ எறங்கித் தொட்டுப் பாத்தீயளா? எங்க வூட்டுப் பிள்ளைங்க அத வாசிச்சிக் காட்டிச்சி. நண்டு நல்லா வெளையுதுன்னு போட்ருந்தீய. வெளஞ்சுது. தூக்குப் போட்டுத் தொங்குது."

அவர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். உனக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் உன் மாமனுக்குப் போன் செய்தாய். அவன் தறிக்கூடத்தில் இருந்தான், நானும் அன்று அங்கே இருந்தேன். இரைச்சலில் கேட்கவில்லை என்று வெளியே சிப்பி ஓடு கிடந்த இடத்துக்கு வந்து பேசினான். நீ கத்தியது எனக்கும் கேட்டது. என் உழைப்பைக் கொன்றுவிட்டீர்கள் என்றாய். நூலில் கலப்படம் செய்கிற புத்தி எங்கே போகும் என்றாய். அவன் ஆமா மாப்ள, ஆமா மாப்ள என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அத்தான், கத்திரி வச்சு வெட்டுனா சரியாப் போயிருமா?" என்று கேட்டான். அது சின்ன விஷயம் இல்லடா என்றேன். "எம்புட்டு நேரம் ஆனா என்ன, நாம போட்ட நூலுதான" என்றான்.

அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் அவன் தறியை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். கோவில்பட்டியில் இறங்கிப் பஸ் மாறுவான். நூல் வெட்டுகிற கத்திரி, ஒரு சாக்கு, தண்ணீர் பாட்டில். நீர் வற்றியதும் இறங்கி, திரும்ப ஏறும்வரை குனிந்தபடி வெட்டுவான். வெட்டிய நூலையெல்லாம் சாக்கில் போட்டு ஊருக்கே கொண்டுவந்துவிடுவான். அங்கேயே கடலில் விட்டுவிட்டால் மறுபடி எதையாவது சுற்றும் என்று பயம். நாலைந்து தடவைக்குப் பிறகு கிழக்கு வரிசை முடிந்தது. நீ அந்தப் பக்கம் இருந்தது இரண்டே தடவை. ஒரு தடவை ரப்பர் ஷூ போடச் சொன்னாயாம். சைஸ் இல்லை என்றானாம். சரி மாமா, பாத்து என்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டாய். பாத்ரூம் செருப்போடு சேற்றில் இறங்கினான். செருப்பைச் சேறு உருவிக்கொண்டது. அதற்குப் பிறகு வெறுங்கால்.

அவனுக்குச் சுகர் இருப்பது உனக்குத் தெரியும். பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருஷங்கள் ஆகின்றன. சிப்பி ஓட்டின் விளிம்பு எப்படி அறுக்கும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உன் கைகளில் வடு இருக்கிறது. அவனுக்கு அறுத்ததே தெரியவில்லை. கரைக்கு வந்து உட்கார்ந்தபோது மணலில் ரத்தத்தைப் பார்த்து அந்தோணியம்மாதான் சொல்லியிருக்கிறாள். சேற்றுத் தண்ணீர் உள்ளே போன காயம். வீட்டில் சொன்னால் போக விடமாட்டார்கள் என்று தறிக்கூடத்தில் கிடந்த துணியை எடுத்துச் சுற்றி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டான். சாக்ஸோடு அடுத்த பௌர்ணமிக்கும் போனான். அதற்குள் கால் கறுத்துவிட்டது. நாற்றம் வந்தபோது, அத்தை, பின்னால் கிடக்கும் சிப்பி ஓடு என்று நினைத்திருக்கிறாள்.

மதுரையில் நான் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். பாதத்தை எடுத்த மறுநாள் கட்டுப் பிரித்துப் போட்டார்கள். அவன் தலையைத் தூக்கி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் போன பிறகு, "நம்ம துணி மாதிரிதான் அத்தான் இருக்கு. ஓரம் பிரியல" என்றான். பிறகு, "கெழக்க முடிஞ்சிட்டு. மேற்க பாதிக்கும் மேல நிக்கி. மாப்ள ஊருக்குப் போறதுக்குள்ள யாராவது போகணும்" என்றான். யாராவது என்றான். உன்னை என்று சொல்லவில்லை. உன்னைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

உன்னை இப்படி ஆக்கியதில் எங்கள் பங்கு இருக்கிறது. சின்ன வயதில் சுந்தரபாண்டியத்தில் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் நீ கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு விளையாடியதில் அது உள்ளே விழுந்து செத்ததே, அன்று தான்தான் அவிழ்த்ததாக உன் மாமன் சொன்னான். அது பொய் என்று எனக்குத் தெரியும். உன் உள்ளங்கையில் கயிறு உரசிய தடம் இருந்தது. ஆனால் உன்னை அடிப்பதைவிட அவனை நாலு வார்த்தை பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பேசினேன். நீ அவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். யாராவது ஒருவர் உன் பங்கை வாங்கிக்கொள்வார்கள் என்று நீ அன்று தெரிந்துகொண்டாய். இன்று அது அவனுடைய கால் வரைக்கும் வந்திருக்கிறது. நூலைக் கோத்தது அவன். ஆனால் பந்தியில் அவனைக் கோக்க வைத்தது நீ. செத்ததைப் புதைத்து மறைத்தது நீ. ஷூ இல்லாமல் அவன் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியது நீ. நானா போகச் சொன்னேன் என்று கேட்கிறாய். இல்லை. போகாதே என்றும் நீ சொல்லவில்லை. நீ செய்யவேண்டிய வேலையை உணர்ச்சியில்லாத ஒரு கால் செய்துகொண்டிருந்தது உனக்கு வசதியாக இருந்தது.

வெளிநாடு போகாதே என்று நான் எழுதவில்லை. போ. அங்கே உனக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் காட்டச் சொன்னால் திட்டின் படத்தைக் காட்டு. நூல் தெரிகிற படமும் உன்னிடம் இருக்கிறது, அந்தோணியம்மா போனில் எடுத்து உனக்கு அனுப்பியது. அதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். நான் உன் பின்னால் வந்து பார்க்கப்போவதில்லை. எனக்கு அந்த வயதும் இல்லை, ஆசையும் இல்லை.

ஆனால் வியாழக்கிழமை மதுரைக்குப் போகாதே. காரணம் சொல்கிறேன். நீ போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுவாய். நிஜமாகவே அழுவாய், நீ கல் இல்லை. மன்னிச்சிருங்க மாமா என்பாய். அவன் உடனே மன்னித்துவிடுவான். யோசிக்கக்கூட மாட்டான். போயிட்டு வா மாப்ள என்று தலையில் கை வைப்பான். நீ அதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாய். இத்தனைக்கும் பிறகு அவனிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவாய். அதை நான் நடக்க விடமாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். இந்த வீட்டுக்கு வந்தாலும் உன் அம்மா கதவைத் திறப்பாள், சோறு போடுவாள். அவளைத் தடுக்க என்னால் முடியாது. உன்னைப் பார்க்க நான் இருக்கமாட்டேன்.

புதன்கிழமையே கிளம்பித் தூத்துக்குடி போ. அந்தோணியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ வருவாய் என்று அவள் நம்பவில்லை. "வந்தா வரட்டும் அண்ணாச்சி. வரலன்னா வெள்ளிக்கெழம கடப்பாற எடுத்துருவோம். எங்களுக்கு அந்தச் சிப்பி மேல கோவம் இல்ல. செத்த நண்ட எண்ணுததுக்கு எங்களுக்கு நேரம் இல்ல" என்றாள். ஷூ போட்டுக்கொள். கேமராவை எடுத்துப் போகாதே. அன்று ஒரு வத்தத்தில், நீர் வற்றி மறுபடி ஏறுவதற்குள், மேற்கு வரிசையை ஒருவன் முடிக்க முடியாது, எனக்குத் தெரியும். பாதியில் பாதி வெட்டலாம். நூல் வெட்டிய இடத்தை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதியை மறுநாள் அவர்கள் பெயர்த்துவிடுவார்கள். அதில் இருக்கும் சிப்பியும் இடுக்கில் ஒண்டியிருக்கும் எல்லாமும் போகும்.

அதனால் நீ இறங்கியதும் முதலில் எதை வெட்டுவது என்று பார்க்க வேண்டியிருக்கும். எந்த இடத்தில் குஞ்சு அதிகம், எந்த இடம் தாங்கும், எந்த இடத்தை விட்டுவிடலாம் என்பது உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உன் மாமனுக்கும் தெரியாது. அவன் ஒரு ஓரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டே வந்தான். நீ நின்று பார்த்து, இது இருக்கட்டும், இது சாகட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வெட்டு. சாகட்டும் என்று நீ விட்டவை நீர் ஏறும்போது உன் காலடியில்தான் இருக்கும், உயிரோடு, வாயைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கரையேறு. அங்கிருந்து நேரே சென்னைக்குப் போ.

உன் அப்பா